யாருன்னு போடட்டும்?

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: விற்ற கம்பெனியின் எச்.ஆர். தலைவர், அவர் பக்கத்தில் ஒரு வக்கீல், வாங்கிய கம்பெனியின் சார்பில் திரையில் தெரிந்த இரண்டு பேர், வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த எங்கள் நிறுவனத்தின் மேனேஜர், கடைசி நாற்காலியில் நான். இல்லாதவர்கள்: மறைமலை நகர் ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பதினான்கு பேர். கூட்டமே அவர்களைப் பற்றித்தான். ஆனால் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

இன்னொருவரும் இல்லை. அவருக்கு மட்டும் முறைப்படி அழைப்பு போயிருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த மெயில் பெட்டியைத் திறக்க அவருக்கு அக்கவுண்ட் கிடையாது. அதை முடக்கிய கட்டளையை ஓட்டியவன் நான் என்பதால் எனக்கு அது தெரியும். மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அம்மா ஏன் இன்னும் வரல?" என்று வக்கீல் கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். பிறகு அவர் இல்லாமலே ஆரம்பித்தார்கள்.

நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கும் வயது, மேற்குத் தாம்பரத்தில் வீடு. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கொண்டையில் செருகிய ஒரு பென்சில். எல்லா வேலையும் கம்ப்யூட்டரில் நடக்கிற இடத்தில் பென்சில் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அந்தப் பென்சிலோடு உங்கள் சீட்டுக்கு நடந்து வருவார். வந்து நின்று கேட்பார். நீங்கள் சொல்வதைக் கையில் இருக்கிற துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மூன்று மாடிக் கட்டிடம், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மற்றவர்கள் இரண்டு வரி மெயில் போட்டு முடிக்கிற விஷயத்துக்கு அவர் படியேறிப் போவார்.

"மெயில்ல கேக்கலாமே மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மெயில்ல கேட்டா ஆமான்னு சொல்லிடுவாங்க. மூஞ்சப் பாத்துக் கேட்டாத்தான் யோசிப்பாங்க."

எங்களில் யாராவது ஒரு திருத்தம் செய்துவிட்டு அவரிடம் போய் நின்றால், அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "கேட்டியா?" என்பதுதான். சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்டுவிட்டுச் செய்தாயா என்று அர்த்தம். இல்லை என்றால், "அப்ப கேட்டுட்டு வா." அவ்வளவுதான், திட்டெல்லாம் கிடையாது.

அவர் பார்த்தது கம்பெனியின் டைரக்டரி வேலை. கம்ப்யூட்டரைத் திறக்க நீங்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது, 'ஆமாம், இவர் நம்ம ஆள்தான், உள்ளே விடலாம்' என்று எங்கோ ஓரிடத்தில் ஒரு பதிவு சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கிற இடம்தான் டைரக்டரி. உங்கள் பெயர், பதவி, எந்த ஃபைலைத் திறக்கலாம், எந்த வாசல் உங்கள் கார்டுக்குத் திறக்கும், எல்லாம் அதில் ஒரு வரிசையில் இருக்கும். அந்த வரிசையை முடக்கினால் கேண்டீன் கதவுகூட உங்களை அடையாளம் கண்டுகொள்ளாது. இத்தனை ஆயிரம் வரிசைகளையும் அவர்தான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே போன முதல் நாள் என் வரிசையையும் அவர்தான் உண்டாக்கினார்.

"உக்காரு. பேரு?"

சொன்னேன்.

"கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. நம்ம பக்கம் அப்படி ஒண்ணு கிடையாது. அப்பா பேரைப் போடட்டுமா, இனிஷியல் மட்டும் போதுமா?"

அப்பா பெயரையே போடச் சொன்னேன். என் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் அந்தத் திரையில் விழுந்ததைப் பார்த்தேன். அப்பாவால் அதைப் படிக்க முடியாது.

"யாருன்னு போடட்டும்?"

எனக்குப் புரியவில்லை.

"கம்பெனி ஆளா, வெளி ஆளா?"

"வெண்டர் மேடம். எங்க கம்பெனி மூலமா வந்திருக்கேன். இந்தப் பிராஜெக்ட் முடிஞ்சா போயிடுவேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்."

"சரி. நீ சொல்றதத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு 'வெண்டர்' என்று அடித்தார்.

என்னைக் கூட்டிவந்த பிராஜெக்ட் இதுதான். அந்தக் கம்பெனிக்கு இரண்டு பிரிவுகள். ஒன்று பம்ப் செய்தது, இன்னொன்று கார்களுக்குப் பிரேக் பாகங்கள் செய்தது. பிரேக் பிரிவை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். கட்டிடம் ஒன்று, கேண்டீன் ஒன்று, டைரக்டரியும் ஒன்று. டைரக்டரியை இரண்டாக வெட்டிக் கொடுக்க எங்கள் நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள்.

டைரக்டரிக்கு முன்னால் கேண்டீனைத்தான் வெட்டினார்கள். நடுவில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். இந்தப் பக்கம் பம்ப், அந்தப் பக்கம் பிரேக். விற்பனை முழுதாக முடியும்வரை ஒரு பக்கத்து வேலையை இன்னொரு பக்கத்தில் பேசக்கூடாது என்று சட்டத்துறை சொல்லிவிட்டதாம். பரிமாறுகிற அண்ணன் டேப்பின் மேலேயே ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நின்று கத்துவார்: "சார், பூரி அந்தப் பக்கம் போயிச்சு, இந்தப் பக்கம் பொங்கல்தான். யார் யார் கட்சி மாறுறீங்க?" முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம். பிறகு அவரும் கத்துவதை நிறுத்திவிட்டார். மேடம் மட்டும் கையில் துண்டுத்தாளோடு டேப்பைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "சாம்பார் சாப்பிட வரல, கேக்க வந்தேன்" என்பார்.

இந்தக் கேட்கிற பழக்கம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது.

பம்ப் பிரிவில் ஒரு சீனியர் மேனேஜர் இருந்தார். அவருடைய பதவியில் இருந்து 'சீனியர்' என்கிற வார்த்தையை எடுத்துவிடும்படி எச்.ஆரிலிருந்து மேடத்துக்கு உத்தரவு வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தையை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். மேடம் பென்சிலைச் செருகிக்கொண்டு மேலே போனார். நானும் ஏதோ கேபிள் வேலையாக அங்கே இருந்தேன்.

"சார், உங்களை மேனேஜர்னு போடச் சொல்றாங்க. போடட்டுமா?"

அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீனியர் மேனேஜர், மேடம்" என்றார்.

"ஆமா சார், இப்ப அப்படித்தான் இருக்கு. சீனியரை எடுக்கச் சொல்றாங்க."

"யாரு?"

மேடம் சொன்னார். அந்த மனிதர் லேப்டாப்பைப் பாதி மூடினார். அவரிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோரும் திடீரென்று பிஸியாகிவிட்டார்கள்.

"போட்டுக்கோங்க" என்றார் கடைசியில்.

"நிச்சயமா சார்?"

"போட்டுக்கோங்கன்னு சொன்னேன்ல?"

மேடம் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். எச்.ஆர். தலைவர் அவரைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டிய நேரத்தில் நாங்களே சொல்லியிருப்போம் என்று கோபப்பட்டாராம். "எனக்கு எப்படி சார் தெரியும், நீங்க சொல்லலன்னு?" என்று கேட்டாராம் மேடம். அவர் குத்திக்காட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்கவுண்ட்ஸில் இருந்த ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய மெயில் பெட்டியை மூடச் சொல்லி வேலைக் கோரிக்கை வந்தது. மேடம் மூடவில்லை. சாயங்காலம் பஸ் பிடித்துக் குரோம்பேட்டைக்கு அவர் வீட்டுக்குப் போய், மனைவியிடம் கேட்டார்: "அவரோட மெயில மூடச் சொல்றாங்கம்மா. மூடட்டுமா?" எங்களிடம் இதைச் சொல்லும்போது, அந்த அம்மா அழுதிருப்பார், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கெஞ்சியிருப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

"என்ன மேடம் சொன்னாங்க?"

"மூடிடுங்கன்னாங்க. வாசல்லயே வெச்சு. உள்ள வான்னுகூட சொல்லல."

"அதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க?"

"போகலன்னா மூடலாம்னு எப்படித் தெரியும்?"

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக மூடினார்.

டைரக்டரியில் 'ஊழியர் வகை' என்று ஒரு கட்டம் உண்டு. டைரக்டரியை வெட்டுகிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியபோது எல்லாமே அந்த ஒரு கட்டத்தில் வந்து நின்றது. 'ஊழியர்' என்று இருந்து, பிரேக் பிரிவில் இருந்தால், புதுக் கம்பெனியின் வேலை உத்தரவு அவருக்குத் தானாகப் போகும். கையெழுத்துப் போட்டால் வேலை நிச்சயம். பிரேக் பிரிவில் 'வெண்டர்' என்று இருந்தால், புதுக் கம்பெனி பழைய காண்ட்ராக்டர்கள் யாரையும் எடுத்துக்கொள்ளாததால், ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிந்தது. எந்தப் பிரிவானாலும் கட்டம் காலியாக இருந்தால் அதே கதிதான். அன்றைக்கு அந்த வரிசை முடக்கப்படும்.

பெரும்பாலும் எல்லோருடைய கட்டமும் நிரம்பியிருந்தது. மறைமலை நகர் பிரேக் ஆலையின் ஸ்டோர்ஸில் மட்டும் பதினைந்து வரிசைகள் காலியாக இருந்தன. அந்தக் கட்டமே டைரக்டரியில் இல்லாத காலத்தில் உண்டான வரிசைகள். பிறகு அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் மேடம் போடமாட்டார்.

எங்கள் மேனேஜருக்கு அது ஒரு விஷயமே இல்லை. "பிளாங்க்கை எல்லாம் மொத்தமா வெண்டர்னு மாத்துற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டு. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் என்னிடம்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"கேட்டியா?"

"யாரை மேடம்?"

"அந்தப் பதினஞ்சு பேரை."

"எச்.ஆரைக் கேக்கலாம் மேடம்."

"மூணு மெயில் போட்டாச்சு. இவங்க யாருன்னு சொல்லுங்கன்னு. பதில் இல்ல. சொல்ல வேண்டியவங்க சொல்லலன்னா அவங்களையேதான் போய்க் கேக்கணும். நாளைக்கு வர்றியா?"

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினோம். வண்டி காலியாகத்தான் போனது. வெயில் அடிக்கிறது என்று ஜன்னல் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் மேடம் எதிரில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். இறக்கட்டுமா, உங்களுக்குக் காத்து வேணுமா என்று. ஒரு பையன் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தான். அவன் அதைக் கழற்றும்வரை காத்திருந்து அவனையும் கேட்டார். அதற்குள் வண்டி திரும்பி வெயில் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஸ்டோர்ஸில் எல்லோரும் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். முதுகில் லேபர் காண்ட்ராக்டரின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. எண்ணெய் வாசனை. மேடம் ஒரு கவிழ்த்த சாமான் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்காவைக் கேட்டார்.

"யாருன்னு போடட்டும்?"

"இன்னா மேடம் கேள்வி இது? நான்தான் மல்லிகா. எத்தினி வாட்டி பாஸ்வேர்டு மறந்துட்டு உங்களுக்குப் போன் பண்ணிக்கீறேன்!"

"பேரு தெரியும்மா. கம்பெனி ஆளா, வெளி ஆளா? எதுன்னு போடட்டும்?"

மல்லிகா அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"பதினோரு வருசமா வந்துகினு கீறேன் மேடம். எந்த ரேக்ல எந்தச் சாமான் கீதுன்னு என்னக் கேட்டாத்தான் தெரியும். அப்ப நான் வெளி ஆளா?"

பின்னால் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பாபு என்கிற பையன் குரல் கொடுத்தான். "யக்கா, திரும்பி உன் முதுகக் காட்டு. இன்னா எழுதிக்கீதுன்னு மேடம் படிக்கட்டும்."

"போடா. அந்தக் காண்ட்ராக்டர் மூஞ்ச நீ பாத்துக்கீறியா? நான் ஒருவாட்டி கூடப் பாத்ததில்ல. நீங்க கம்பெனி ஆளுன்னே போடுங்க மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப எனுக்கும் அதே போடுங்க" என்று பாபு வந்து நின்றான். "அக்கா கம்பெனி ஆளுன்னா நான் இன்னா பக்கத்து வூட்டு ஆளா?"

மேடம் அவனையும் நிச்சயமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரிடமும் அதே கேள்வி, அதே குரல். கம்பெனி ஆளு, கம்பெனி ஆளு, கம்பெனி ஆளு.

கடைசியாக ஒரு பெரியவர் வந்தார். அங்கே வேலைக்கு வந்தவர்களில் அவர்தான் மூத்தவர். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"யாருன்னு போடட்டும்யா?"

"காண்ட்ராக்டு மேடம்."

மல்லிகா அக்கா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். "பெரியவரே, இன்னாத்துக்கு? எல்லாரும் இன்னா சொன்னோம்?"

"இல்லம்மா. காண்ட்ராக்டர்தான் சம்பளம் போடறாரு. பொய் சொல்லக்கூடாதுல்ல."

"நிச்சயமாயா?" என்றார் மேடம்.

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கவில்லை, தலையை ஆட்டவில்லை, குரலை இழுக்கவில்லை. மற்ற பதினான்கு பேரையும் எப்படிக் கேட்டாரோ அப்படியேதான் கேட்டார்.

"நிச்சயமா மேடம்."

எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம். நின்றுகொண்டே கேட்டேன். "மேடம், எல்லாருமே காண்ட்ராக்ட்தான். சட்டையிலயே இருந்துச்சு."

"சட்டையக் கேக்கலயே. ஆளைத்தான கேட்டேன்."

"அந்தப் பெரியவருக்கு வேலை போயிடும்."

"தெரியும்."

"நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருக்கலாம்."

"அப்ப அது நான் சொன்னதாயிடும்."

பெருங்களத்தூரில் கூட்டம் கொஞ்சம் இறங்கியது. பிறகு, "அந்தத் தாளை வெச்சு இன்னிக்கே ஏத்திடு. எச்.ஆருக்கும் ஒரு காப்பி அனுப்பு. இப்படிக் கேட்டோம், இப்படிச் சொன்னாங்க, தப்பா இருந்தா சொல்லுங்கன்னு" என்றார். அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

டைரக்டரியை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை மேடம் காலை ஆராதனை முடித்து நேராக ஆபீசுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, பையில் பைபிள், டிபன் பாக்ஸ். மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஏசியை அணைத்திருந்தார்கள். ஓட்டுவதற்கு முன்னால் காலியாக இருக்கிற கட்டங்களைக் கடைசியாக ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரிசை வந்தது.

"மேடம், இதுல உங்க பேர் இருக்கு."

"ஆமா. தெரியும்."

"ஊழியர்னுதான இருந்திருக்கணும்?"

"இருந்துச்சு. போன வாரம்தான் எச்.ஆர்லேர்ந்து காலி பண்ணச் சொன்னாங்க. எந்தப் பக்கம்னு முடிவாகல, முடிவானதும் சொல்றோம்னாங்க. என்னையே கேட்டாங்க, காலி பண்ணிடறீங்களான்னு. சரின்னேன்."

"அப்புறம் சொன்னாங்களா?"

"இல்ல."

புதுப் பக்கத்துக்கு டைரக்டரி வேலையை வெளிநாட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பழைய பக்கத்து வேலையை எங்கள் நிறுவனமே எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தார்கள். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நான் கேக்கறேன் மேடம்" என்றேன். "யாருன்னு போடட்டும்?"

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஊழியர், பிரேக் பக்கம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அடித்திருப்பேன். திங்கட்கிழமை அவருக்கும் ஒரு வேலை உத்தரவு போயிருக்கும். பதினான்கு பேருக்குப் போனது போல.

"தெரியலப்பா" என்றார்.

"மேடம், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாதத எப்படிச் சொல்றது? விடு. காலியா இருக்கட்டும். நீ ஓட்டு."

"நிச்சயமா மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"நிச்சயமா."

ஓட்டினேன். வரிசைகள் திரையில் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பம்ப், பிரேக், பம்ப், பம்ப், பிரேக். ஸ்டோர்ஸ் பெரியவர் முடங்கினார். மேடமும் முடங்கினார். எனக்கு அப்போது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பிழை ஏதும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது, அதைப் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினேன். எதிர் மேசையில் மேடத்தின் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் பாஸ்வேர்டை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு, "சரியா வேலை செய்யுது" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து, அதில் இருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டோம்.

கீழே வாசலில் அவருடைய கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. நான் என் கார்டைத் தேய்த்தேன். செக்யூரிட்டி ஓடி வந்து தடுத்தார்.

"ஒரு கார்டுக்கு ஒரு ஆளுதான் சார். இன்னா மேடம், உங்க கார்டே வேல செய்ல? எல்லாருக்கும் நீங்கதான சரிபண்ணிக் குடுப்பீங்க?"

"இது சரியாகாதுப்பா. நீயே திறந்து விடு."

"எழுதிட்டுத்தான் வுடணும் மேடம்." நோட்டைப் பிரித்தார். "உங்கள இன்னான்னு எழுதறது? ஸ்டாஃபா, விசிட்டரா?"

மேடம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவரும் மூஞ்சியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நேரத்த மட்டும் போடு" என்றார் மேடம்.

கதவு திறந்தது. வெயிலில் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். பென்சில் கொண்டையில் இருந்தது.

பதினான்கு பேருக்கும் வேலை உத்தரவு போய், கையெழுத்தாகி, புதுச் சட்டையும் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

"இவங்க எல்லாம் காண்ட்ராக்ட் ஆளுங்க. இவங்களை ஊழியர்னு யாரு போட்டது? எந்த டாக்குமெண்டைப் பாத்துப் போட்டாங்க?" என்று வக்கீல் என்னைக் கேட்டார்.

"டாக்குமெண்ட் இல்ல சார். அவங்களைக் கேட்டுப் போட்டாங்க."

"அவங்களையேவா?"

"ஆமா சார்."

"ஆளக் கேட்டு யாராச்சும் போடுவாங்களா?"

என் மேனேஜர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். எச்.ஆர். தலைவரின் முன்னால் மேடத்தின் மூன்று மெயில்களும், நான் அனுப்பிய நான்காவதும் அச்சடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் அவற்றைக் கவிழ்த்து வைத்தார். திரையில் இருந்தவர்களில் ஒருவர், கையெழுத்தான உத்தரவைத் திரும்பப் பெற முடியாது, ஸ்டோர்ஸ் நன்றாக நடக்கிறது, அவர்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம், ஆனால் பட்டியல் தவறு என்பதால் அவர்களுடைய ஒரு வருடச் சம்பளத்தை விற்றவர்கள்தான் தர வேண்டும் என்றார். அது நியாயமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். மேடம் தெரிந்தே செய்தாரா என்றும் பேசினார்கள். அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். கேட்டார், சொன்னார்கள், போட்டார். அதற்கு மேல் என்னை யாரும் கேட்கவில்லை.

பிராஜெக்ட் முடிந்தது. நான் சொன்னபடியே போய்விட்டேன். இப்போது சிறுசேரியில் வேறொரு கம்பெனியில் வேறொரு டைரக்டரி. அங்கேயும் நான் வெண்டர்தான். மல்லிகா அக்காவும் பாபுவும் அதே ஸ்டோர்ஸில் இருக்கிறார்கள். பெரியவர் நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பதாகப் பாபு சொன்னான்.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் மேடத்தைப் பார்த்தேன். அவருக்குக் கம்பெனியில் கணக்கைத் தீர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் காய்கறிப் பை. கொண்டையில் பென்சில் இல்லை. என் அப்பாவைப் பற்றிப் பெயர் சொல்லி விசாரித்தார். நான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி நின்று, முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"பதினாலு பேரும் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க மேடம்."

"கடைசியா எவ்வளவுதான் கட்டினாங்களாம்?"

"அரைக் கோடின்னு பேசிக்கிறாங்க மேடம்."

"பேசிக்கிறாங்களா? கேட்டியா?"

"இல்ல மேடம்."

"கேட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மேற்குப் பக்கம் இறங்கிப் போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழைய ஆபீசுக்குப் போனேன். வாசலில் விசிட்டர் என்று எழுதி உள்ளே விட்டார்கள். கேண்டீனில் டேப்பை உரித்திருந்தார்கள், தரையில் பசை மட்டும் மிச்சம் இருந்தது. அக்கவுண்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் சீட்டுக்குப் போய் நின்று, மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நிச்சயமாக்கா?"

"என்னப்பா, நீயும் அந்த மேடம் மாதிரி?" என்றார். "நிச்சயம்தான்."

நாற்பத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்.